மேசைமேல் வைத்த சாவி

வாசகர் கேள்வி:

"எனக்கு 58 வயது. குடியை விட்டு 16 ஆண்டுகள் ஆகின்றன. குடியை விட விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) குழு எங்கள் ஊரில் இல்லாததால், 14 ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து தொடங்கினோம். நண்பர் காலமாகிவிட்டார். அறைச் சாவி, வருகைப் பதிவு, பணம், டீ, புத்தகங்கள், மருத்துவமனைக்குப் போய்ப் பேசுவது எல்லாவற்றையும் நான் ஒருவனே பார்த்துவந்தேன். வாடகை குறைந்த மாதங்களில் கைப்பணம் போட்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரிடம் பணப் பொறுப்பைக் கொடுத்தேன். அவர் குடியை விட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 1,340 ரூபாயை எடுத்துக் குடித்துவிட்டார். பிறகு வரவே இல்லை. அதன்பின் யாரிடமும் எதையும் ஒப்படைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். இப்போது மூன்று பேர், 'பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுவோம், கணக்கையும் கூட்டத்தில் படித்துவிடுங்கள்' என்கிறார்கள். முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான்கு வாரமாகக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவர்கள் குழுவைக் கெடுத்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் வேறு குழு தொடங்கலாமா?"

கடிதத்தின் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி: "இவர் இரவில் தூங்குவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது – மனைவி."

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 'நான்கு வாரம்' என்ற இடத்தில்தான் நின்றேன். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

போதை மீட்புச் சிகிச்சையில் பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் அபாய அறிகுறிகளாகச் சொல்லிக்கொடுப்போம். நீங்களே மருத்துவமனை வார்டில் புதியவர்களுக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். இப்போது உங்களிடம் கோபம் இருக்கிறது, தனிமை இருக்கிறது, தூக்கம் கெட்டதால் களைப்பும் வந்திருக்கும். நான்கில் மூன்று. போதை மீட்பு ஆலோசகராக 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எங்களிடம் வந்தவர்கள் உண்டு. "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் பலர் குடித்த நாளைச் சொல்வதில்லை. கூட்டத்துக்குப் போவதை நிறுத்திய மாதத்தைத்தான் சொல்வார்கள்.

ஆகவே இந்த வாரமே ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் குழுவுக்குப் போக மனம் ஒப்பவில்லை என்றால் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் போய் உட்காருங்கள். அங்கே நீங்கள் யாருக்கும் செயலாளர் இல்லை, யாருக்கும் மூத்தவர் இல்லை. பெயரைச் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லி, மனத்தில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். குழுவைத் தொடங்கிய நண்பரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், 'காலமாகிவிட்டார்' என்று. நீங்கள் மனம்விட்டுப் பேசிய ஆள் அவர்தான் என்றால், அவருக்குப் பிறகு யாரிடம் பேசுகிறீர்கள்? எத்தனையோ பேருக்கு நீங்கள் ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, இருந்திருப்பீர்கள். உங்களுக்கு ஒரு ஸ்பான்சர் இருக்கிறாரா? கடிதத்தில் அப்படி யாருமே தென்படவில்லை. சாவிப் பிரச்சினையைவிட இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

இனி குழுவைப் பற்றி. நான் குடிநோயாளி அல்ல. ஏ.ஏ.வுக்கு வெளியே நின்று அதன் பலனைப் பார்த்துவரும் ஆள். உங்கள் குழுவின் முடிவில் எனக்கு ஓட்டுக் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் உங்கள் இயக்கத்தின் வரலாற்றை ஓரளவு அறிந்தவள் என்ற முறையில், உங்களுக்கு நேர்ந்தது புதிதில்லை என்று மட்டும் சொல்ல முடியும். இயக்கத்தைத் தொடங்கியவருக்கே இது நேர்ந்தது.

1935ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பில் என்ற பங்குச் சந்தைத் தரகரும் டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஒருவரை ஒருவர் குடியிலிருந்து காத்துக்கொண்டதில் ஏ.ஏ. பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த சில ஆண்டுகளில் பில் கையில் காசு இல்லை. மனைவி லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்தச் சமயத்தில், பில் குடியை விட்ட அதே மருத்துவமனையின் உரிமையாளர் அவருக்குச் சம்பளத்தோடு வேலை தர முன்வந்தார். குடிநோயாளிகளுடன் பேசுவதே வேலை. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து, அன்று மாலை தன் வீட்டிலேயே கூடியிருந்த குழுவிடம் பில் சொன்னார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்தால் நாம் எல்லோரும் கெட்டுப்போவோம் என்றார்கள். அவரால் குடியை விட்டவர்கள், அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு அவர் பிழைப்புக்கு வந்த வழியை மறுத்தார்கள். பில் அதற்குக் கட்டுப்பட்டார். குழுவின் மனச்சாட்சிதான் மேலான அதிகாரம், தலைவர்கள் நம்பிக்கைக்குரிய ஊழியர்கள் மட்டுமே, ஆள்பவர்கள் அல்லர் என்கிற இரண்டாவது மரபை (குழுக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் நெறிகளை ஏ.ஏ.வில் மரபுகள் என்பார்கள்) விளக்கும்போது ஏ.ஏ. சொல்வது இந்தக் கதையைத்தான்.

அந்த அனுபவங்களிலிருந்து 12 மரபுகள் எழுதப்பட்டு 1946இல் வெளிவந்தன. அப்போதும் எல்லோரும் கைதட்டி வரவேற்றுவிடவில்லை. 'எங்கள் ஊருக்கு வந்து பேசுங்கள், ஆனால் அந்த மரபுகளைப் பற்றி மட்டும் வேண்டாம்' என்று சில குழுக்கள் பில்லுக்கே எழுதினவாம். 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில்தான் மரபுகள் ஏற்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் டாக்டர் பாப் மறைந்தார். தொடங்கிய இருவரில் ஒருவர் போனபின், மற்றவரும் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருந்தது. குழுக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளின் பொதுச் சேவை மாநாடு 1951இல் சோதனை முறையில் கூடியது. 1955இல் செயின்ட் லூயிஸ் நகரில் 20ஆம் ஆண்டு விழா நடந்தபோது, பில் தன் தலைமைப் பொறுப்பை அந்த மாநாட்டிடம் ஒப்படைத்தார். இயக்கம் வயதுக்கு வந்துவிட்டது என்று அறிவித்த விழா அது.

அப்போது அவருக்கு 59 வயது. உங்களைவிட ஒரு வயது கூட.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பில் கோபித்துக்கொண்டு போகவில்லை. 1971இல் இறக்கும்வரை எழுதினார், கேட்டவர்களுக்கு யோசனை சொன்னார், கேட்காதபோதும் சில சமயம் வாதாடினார். 1962இல் சேவைக்கான 12 கோட்பாடுகளை எழுதிக்கொடுத்தார். ஏ.ஏ.வின் அறங்காவலர் குழுவில் குடிநோயாளிகள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிப்பார்த்தார். மற்றவர்கள் அதை 1966இல்தான் ஏற்றார்கள். அதுவரை தன் பேச்சு எடுபடாத இடத்திலும் அவர் உள்ளேயே இருந்தார். 1970இல் மயாமி மாநாட்டுக்கு நோயுற்ற நிலையில் சக்கர நாற்காலியில் வந்து சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போனார். பொறுப்பை விட்டுவிடுவதும் குழுவை விட்டுவிடுவதும் வேறுவேறு என்பதை அவர் வாழ்க்கை எனக்குச் சொன்னது. நீங்கள் இரண்டையும் ஒரே இரவில் செய்துவிட்டீர்கள்.

உங்கள்மேல் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. 14 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் ஒரு வாரம்கூட அந்த அறை பூட்டிக் கிடக்காமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். அந்த ஊரில் இன்று குடிக்காமல் வேலைக்குப் போகும் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த வேலை உங்களுக்கு என்ன செய்தது என்பதையும் எண்ணிப்பாருங்கள். உங்களைக் குடியிலிருந்து விலக்கி வைத்ததில் பாதிப் பங்கு அந்தச் சாவிக்கு உண்டு. 'நான் போகாவிட்டால் கதவு திறக்காது' என்ற எண்ணம் ஒரு குடிநோயாளிக்கு எவ்வளவு பெரிய மருந்து! அந்த மருந்தை 14 ஆண்டுகளாக நீங்கள் ஒருவரே சாப்பிட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மையத்தின் மாடியில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும். சிகிச்சை முடித்த ஒரு கொத்தனார் முதல் இரண்டு வாரம் கதவோரம் உட்கார்ந்துவிட்டு, டீ வரும்முன் நழுவிவிடுவார். மூன்றாவது வாரம் ஒரு மூத்த உறுப்பினர் அவரிடம், "அடுத்த வாரம் எனக்கு வர நேரமாகும், நாற்காலிகளை மட்டும் போட்டுவைக்க முடியுமா?" என்று கேட்டார். இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்து மணிக்கே அவர் வந்துவிட்டார். வட்டமாகப் போட்டுப் பார்த்தார், சரியில்லை என்று கலைத்து வரிசையாகப் போட்டார், மறுபடி வட்டமாக்கினார். ஒரு நாற்காலியின் கால் ஆடியது. கீழே வந்து என்னிடம் காகிதம் கேட்டு, மடித்து அடியில் வைத்தார். தன் பெண்டாட்டிகூட ரேஷன் கார்டைக் கையில் தருவதில்லை என்று சிகிச்சையின்போது அழுதவர் அவர். பின்னாளில் தன் ஐந்தாம் பிறந்தநாளில், குடியை விட்ட நாளைத்தான் பிறந்தநாள் என்பார்கள், அந்த நாற்காலிகளைப் பற்றித்தான் பேசினார். அந்த மூத்த உறுப்பினருக்கு அன்று நேரமாகவே இல்லை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அந்த இளைஞர் விஷயம். உங்கள் மனத்தில் முள்ளாகக் கிடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நம்பியது தவறில்லை. நான்கு மாதமே ஆனவரிடம், தனியாக, ரொக்கமாகக் கொடுத்ததுதான் தவறு. புதிதாகக் குடியை விட்டவர் சட்டைப்பையில் பணம் இருப்பதே ஆபத்து என்று குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்லி அனுப்புவோம். அவருக்கு டீயைக் கொடுத்திருக்கலாம், நாற்காலியைக் கொடுத்திருக்கலாம், வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பிடித்து வரவேற்கச் சொல்லியிருக்கலாம். பணத்துக்கு நாள் இருந்தது.

அவரைப் போய்ப் பார்த்தீர்களா, ஐயா? கடிதத்தில் 1,340 என்று ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல்லும் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதும் என்கிறது மூன்றாவது மரபு. குழுப் பணத்தை எடுத்தவரை நீக்குவதற்கு அதில் இடமில்லை. அவமானத்தால் வராமல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். ஏ.ஏ. வழக்கப்படி இன்னொரு உறுப்பினரையும் அழைத்துக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள். பணப் பேச்சை எடுக்காதீர்கள். கூட்டம் இன்னும் நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். இதைவிட முக்கியமான சேவை இப்போது உங்கள் குழுவில் எதுவும் இல்லை. அதைச் செய்ய உங்களைவிடத் தகுந்தவரும் இல்லை.

கணக்குக் கேட்டது வலித்திருக்கும், புரிகிறது. கைக்காசு போட்டவனிடமே கணக்கா என்று. ஆனால் அந்தக் கைக்காசுதான் சிக்கலே. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏழாவது மரபு குழுவைத்தான் சொல்கிறது, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் வாடகையை நிரப்பியதால், உறுப்பினர்கள் பணம் போடும் பை நிறையவில்லை என்பதே மற்றவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் இன்னும் பத்து ரூபாய் போட்டிருப்பார்கள், அல்லது பிஸ்கட்டை நிறுத்தியிருப்பார்கள். மாதக் கடைசிக் கூட்டம் முடிந்ததும் இரண்டு நிமிடம் போதும். இவ்வளவு வந்தது, வாடகைக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. பையில் விழுந்ததை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். அது பணத்தை வைத்திருப்பவருக்கும் காப்பு. 1,340 ரூபாய் போன அன்று இந்த வழக்கம் இருந்திருந்தால் அந்த இளைஞரே மறுபடி குடிக்காமல் தப்பியிருக்கலாம்.

மூன்று பேர் கேட்டார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் நாளையே மாற்ற வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கி, வழக்கமான கூட்டத்தோடு கலக்காமல், குழு மனச்சாட்சிக் கூட்டம் வையுங்கள். குடியை விட வந்திருக்கும் புதியவர் முன்னால் சாவிச் சண்டை வேண்டாம். யார் எந்த வேலை, எத்தனை மாதம், எவ்வளவு காலம் குடிக்காமல் இருந்தவர் அதைச் செய்யலாம் என்பதைக் குழுவே பேசி முடிவெடுக்கட்டும். செயலாளருக்கு ஆறு மாதமோ ஓராண்டோ, வெளிக் கூட்டங்களுக்குப் போகும் பொதுச் சேவைப் பிரதிநிதிக்கு இரண்டாண்டு என்பது பல குழுக்களின் வழக்கம். பணப் பொறுப்புக்கு நீண்ட நாள் குடிக்காமல் இருப்பவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சுழற்சி முறையும் அந்த மூன்று பேரின் கண்டுபிடிப்பு அல்ல. ஒன்பதாவது மரபின் விரிவான வடிவத்திலேயே இருக்கிறது. புத்தக அலமாரியில் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் கையால் அட்டை போட்ட பிரதியாகவே இருக்கலாம்.

உங்களிடம் மட்டுமே இருக்கும் சில விஷயங்கள் உண்டு, அவற்றைக் கையோடு சேர்த்துக் கொடுங்கள். அறையின் சொந்தக்காரரிடம் எந்த மாதம் எப்படிப் பேச வேண்டும், எந்த மருத்துவமனை வார்டில் எந்தக் கிழமை அனுமதி, இரவு பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழும் ஒருவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும். ஒரு மாதம் புதிய செயலாளர் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுங்கள். அடுத்த மாதம் அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதற்கடுத்த மாதம் பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

அவர்கள் தவறு செய்வார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு நாள் சாவியை மறப்பார்கள், பத்து பேர் வாசலில் நிற்பீர்கள். டீயில் சர்க்கரை கூடும். யாரோ வருகைப் பதிவை மழையில் நனைத்துவிடுவார். உங்கள் வாய் துடிக்கும். வாசலில் நிற்க நேர்ந்தால் வாசலிலேயே கூட்டத்தை நடத்துங்கள். தொடக்கத்தில் நீங்களும் நண்பரும் அறை கிடைக்கும்முன் எங்கே பேசியிருப்பீர்கள்? மரத்தடியிலோ டீக்கடை பெஞ்சிலோதானே?

மூத்தவர்களில் இரண்டு வகை உண்டு என்று ஏ.ஏ. இலக்கியமே சொல்கிறது. தானில்லாமல் குழு அழிந்துவிடும் என்று புலம்பி, பதவிக்குத் திரும்பத் தந்திரம் செய்து, கடைசியில் கசப்போடு ஒதுங்குகிறவர் ஒருவர். குழுவின் முடிவில் நியாயம் உண்டு என்று கண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர். சிக்கல் வரும்போது எல்லோரும் அவர் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட எல்லா மூத்தவர்களும் முதல் வகையைத் தாண்டித்தான் இரண்டாவதற்கு வருகிறார்கள் என்பதையும் அதே இலக்கியம் ஒப்புக்கொள்கிறது. நீங்கள் இப்போது தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வேறு குழு தொடங்கலாமா என்ற கேள்விக்கு: தொடங்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஒரு மனக்கசப்பும் ஒரு காபிப் பாத்திரமும் இருந்தால் புதுக் குழு பிறந்துவிடும் என்று அமெரிக்க உறுப்பினர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பிறந்து நன்றாக வளர்ந்தவையும் இருக்கின்றன. ஆனால் இப்போது வேண்டாம். இன்றைய மனநிலையில் தொடங்கினால் அந்த அறைக்கும் ஒரே சாவிதான் இருக்கும், அதுவும் உங்கள் சட்டைப்பையில். ஆறு மாதம் பின்வரிசையில் இருந்துவிட்டு, ஊரின் மறுபக்கத்தில் கூட்டம் தேவை என்று அப்போதும் தோன்றினால், அந்த மூன்று பேரில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய்த் தொடங்குங்கள்.

அம்மா, இது உங்களுக்கு. ஒரு வரிதான் எழுதினீர்கள், ஆனால் 16 ஆண்டுகளுக்கு முந்தைய இரவுகள் உங்களுக்குத் திரும்பி வருகின்றன என்று புரிகிறது. அவர் பாக்கெட்டைச் சோதிக்க வேண்டாம், வாயை முகர்ந்து பார்க்க வேண்டாம். "இந்த வாரம் கூட்டத்துக்குப் போகிறீர்களா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் குடிநோயாளி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தூக்க மாத்திரை விஷயத்தில் மருத்துவர் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கென்றும் ஓர் இடம் இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்மணியும் தொடங்கிய அல்-அனான் தமிழ்நாட்டிலும் நடக்கிறது. உங்கள் ஊரில் இல்லையென்றால் சொல்லுங்கள். பக்கத்தில் எங்கே எந்தக் கிழமை கூடுகிறார்கள் என்று விசாரித்து, உங்கள் பெயருக்கே தனியாக எழுதுகிறேன்.